நாக்கைக் கடித்துக்கொள்ளாத மூளை: ஆங்கரேஜ் விமான விபத்து குறித்த நிகழ்வு ஆய்வு

1977 ஜனவரி 13 அதிகாலையில், அலாஸ்காவின் ஆங்கரேஜ் விமான நிலையத்திலிருந்து டோக்கியோவுக்குப் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 சரக்கு விமானம், தரையை விட்டு எழும்பிய சில நொடிகளிலேயே விழுந்து நொறுங்கியது. விமானி, துணை விமானி, விமானப் பொறியாளர் ஆகிய மூவரும், மாடுகளைப் பார்த்துக்கொள்வதற்காக உடன் சென்ற இருவரும் இறந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் மோசஸ் லேக் என்ற ஊரில் ஏற்றி, ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இறைச்சி மாடுகளே அன்றைய சரக்கு. தலைமை விமானிக்கு வயது 53. அவர் 23,000 மணி நேரத்துக்கும் மேல் விமானம் ஓட்டியவர். அதில் 4,000 மணி நேரத்துக்கும் மேல் இதே டிசி-8 வகையில் ஓட்டியவர். பிரேதப் பரிசோதனையில் அவருடைய இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 298 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தது தெரியவந்தது. வாகனம் ஓட்டுபவர் போதையில் இருக்கிறார் என்று முடிவுகட்ட அலாஸ்காவில் அப்போது வைத்திருந்த எல்லை 100 மில்லிகிராம்.

குடித்துவிட்டு ஓட்டினார், விமானம் விழுந்தது என்று இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வரி, நாம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வியைத் தொடுவதே இல்லை. விடுதியிலிருந்து கிளம்பியது முதல் விமானம் ஓடுபாதையில் ஓடத் தொடங்கியது வரை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த நேரத்துக்குள், தன்னுடைய நிலை சரியில்லை என்பதை அந்த மனிதருக்கு உணர்த்தக்கூடிய தருணங்கள் ஒன்றல்ல, பல வந்துபோயின. அனுபவத்தில் குறை சொல்ல முடியாத ஒருவர், அவற்றில் ஒன்றில்கூட நின்று யோசிக்காமல் போனது ஏன்? மது நம் கையையும் காலையும் தடுமாற வைக்கும் என்பது ஊரறிந்தது. நாம் தடுமாறுகிறோம் என்று நமக்கே சொல்லும் உள்ளுணர்வை அது என்ன செய்கிறது என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது.

அன்று காலை நடந்தது

மோசஸ் லேக்கிலிருந்து விமானத்தைக் கொண்டுவந்த குழுவினர் ஆங்கரேஜில் இறங்கிக்கொள்ள, அங்கே ஓய்வெடுத்திருந்த புதிய குழுவினர் பொறுப்பேற்பதாக ஏற்பாடு. புதிய குழுவினரை விடுதியில் அதிகாலை 3.30 மணியளவில் எழுப்பினார்கள். 4.30 மணியளவில் அவர்கள் டாக்சியில் ஏறி, 5 மணியளவில் நிறுவனத்தின் அலுவலகத்தை அடைந்தார்கள். விமானிகள் பணி தொடங்குவதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே மது அருந்தக் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் விதி. அந்த 12 மணி நேரத்துக்குள் தலைமை விமானி குடித்ததையோ, குடித்திருந்ததற்கான அறிகுறிகளையோ கண்டதாகச் சிலர் பின்னர் விசாரணையில் தெரிவித்தார்கள்.

அறிகுறிகளைத் தெளிவாகப் பார்த்தவர் டாக்சி ஓட்டுநர். தலைமை விமானியின் முகம் சிவந்திருந்ததையும், கண்கள் ஒளியிழந்து நிலைகுத்தியிருந்ததையும், பேச்சு கோர்வையற்றுக் குழறியதையும், உடலசைவு வெட்டி வெட்டி இழுத்ததையும், வண்டியிலிருந்து இறங்குவதற்குக் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததையும் அவர் விசாரணையில் விவரித்தார். பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. தன் டாக்சி நிறுவனத்துக்கும் தகவல் சொன்னார். அந்தத் தகவல் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு பார்ப்போம். அலுவலகத்தில் அந்தக் குழுவினரைப் பார்த்த ஊழியர்களோ, அசாதாரணமாக எதையும் தாங்கள் கவனிக்கவில்லை என்றார்கள்.

இந்த முரண்பாட்டை வைத்து யார் பொய் சொன்னார்கள் என்று தேடுவது தேவையற்றது என்று கருதுகிறேன். 300 மில்லிகிராமை நெருங்கும் அளவில், குடிப்பழக்கம் இல்லாத ஒருவர் நிற்கவே மாட்டார். அரை மயக்கத்தில் கிடப்பார். அந்த அளவோடு ஒருவர் சீருடை அணிந்து, அலுவலகத்துக்குள் நடந்து, வானிலைத் தாள்களைக் கையில் வாங்கிக்கொள்கிறார் என்றால், அவருடைய உடல் மதுவுக்கு நன்றாகப் பழகிப்போயிருக்க வேண்டும். அப்படிப் பழகிய உடல், சில நிமிடங்களுக்குத் தன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாதாரணமாக நடந்துகொள்ளும். கவனிக்க யாருமில்லாத டாக்சியின் பின்னிருக்கையில் அந்தப் பிடி தளர்ந்துவிடும். எனவே இரு தரப்பினரும் தாங்கள் கண்டதையே சொல்லியிருக்கலாம்.

அன்று விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. பார்வை எட்டும் தூரம் கால் மைல் அளவே. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்து ஓடுபாதையை நோக்கிச் செல்லும்போது, தாங்கள் எந்த ஓடுபாதையில் இருக்கிறோம் என்பதிலேயே குழப்பம் ஏற்பட்டது. கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசி, திரும்பி வந்துதான் சரியான இடத்தில் நின்றார்கள். மூடுபனியில் தெளிந்த விமானிக்கும் இடம் தவறுவதுண்டு. ஆனால் தெளிந்த விமானி அப்படித் தவறிய பிறகு என்ன செய்வார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அவர் வேகத்தைக் குறைப்பார். பக்கத்தில் இருப்பவரிடம் வரைபடத்தைச் சரிபார்க்கச் சொல்வார். இன்றைக்கு ஏதோ சரியில்லை என்ற எண்ணம் ஒருமுறையாவது அவர் மனத்தில் வந்துபோகும். இங்கே விமானம் திரும்பி நின்றது; புறப்பாடு அப்படியே தொடர்ந்தது.

6.34 மணி தாண்டி விமானம் ஓடத் தொடங்கியது. விமானி அறையின் ஒலிப்பதிவில் அதற்குப் பிறகு உள்ளது ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். விமானம் தரையை விட்டு எழுந்ததும், இறக்கையின் மேல் காற்றோட்டம் சிதையத் தொடங்கும்போது விமானத்தின் உடலில் உண்டாகும் அதிர்வொலி பதிவாகியிருக்கிறது. அது அடிக்கடி வரத் தொடங்கி, கடைசிவரை நிற்கவில்லை. அதிர்வு தொடங்கிய ஒரு நொடிக்குள், மூக்கு அளவுக்கு மீறி மேலே போகிறது என்ற பொருள்படும்படி விமானப் பொறியாளர் எச்சரிக்கிறார். அதற்கு ஏறத்தாழ ஐந்து நொடி கழித்து அவரே 'ஸ்டால்' என்கிறார். அதாவது, இறக்கைகள் விமானத்தைத் தாங்கும் திறனை இழந்துவிட்டன என்கிறார். அதே கணத்தில், கைப்பிடியை உலுக்கி விமானியை எச்சரிக்கும் கருவியும் ஒலிக்கிறது. அடுத்த நொடிக்குள் மோதல்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து எழுதிய முடிவு இது: விமானியின் இயக்கத்தால் ஏற்பட்டு, விமானத்தின் மேல் படிந்த பனிக்கட்டியால் மோசமாக்கப்பட்ட ஸ்டால், அப்போது விமானி மதுவின் பிடியில் இருந்தார். தலைமை விமானி அந்தப் பயணத்தை மேற்கொள்வதை மற்ற குழுவினர் தடுக்கத் தவறியதும் துணைக் காரணம் என்று வாரியம் சேர்த்து எழுதியது. பனிக்கட்டியை வாரியம் மறைக்கவில்லை. நாமும் மறக்கக் கூடாது. அந்த உயரத்தில், பனி படிந்த இறக்கையோடு, மது வாசனையே அறியாத ஒரு விமானியும் தப்பியிருப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐந்து நொடிகள் என்னை விடாமல் உறுத்துகின்றன. உடலுக்கு அதிர்வு தெரிகிறது, காதருகே எச்சரிக்கைக் குரல் கேட்கிறது, மூக்கைக் கீழே தள்ள வேண்டும் என்பது பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்றுக்கொடுக்கப்படும் பாடம். இத்தனைக்கும் பிறகு 'ஸ்டால்' என்ற சொல்லை எச்சரித்தவரே மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

தவறு செய்த கணத்தில் மூளைக்குள் நடப்பது

பேச்சுவாக்கில் தகாத ஒரு சொல் வந்துவிட்டால் நாம் நாக்கைக் கடித்துக்கொள்கிறோம். கதவைப் பூட்டிய கையோடு, சாவி உள்ளேயே இருக்கிறது என்று உணர்ந்தால் தலையில் தட்டிக்கொள்கிறோம். யோசித்துச் செய்யும் செயல்கள் அல்ல இவை. தவறு நடந்து முடிவதற்கும் உடல் பதறுவதற்கும் இடையில் நேரமே இருப்பதில்லை. அந்தப் பதற்றத்துக்கு மூளையில் ஒரு மின் அடையாளம் இருப்பதை 1990களின் தொடக்கத்தில் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. ஒன்று ஜெர்மனியின் டார்ட்முண்டில் மிகாயேல் ஃபால்கென்ஸ்டைனின் குழு. இன்னொன்று அமெரிக்காவின் இல்லினாய்ஸில் வில்லியம் கெரிங்கின் குழு.

சோதனை எளியது. தலையில் மின்முனைகள் பதித்த தொப்பியோடு ஒருவரைக் கணினித் திரைக்கு முன் உட்கார வைப்பார்கள். திரையில் ஐந்து அம்புக்குறிகள் ஒரு வரிசையாக மின்னி மறையும். நடு அம்பு இடப்பக்கம் காட்டினால் இடக்கைப் பொத்தானையும், வலப்பக்கம் காட்டினால் வலக்கைப் பொத்தானையும் அழுத்த வேண்டும். சுற்றியுள்ள நான்கு அம்புகளும் நடு அம்புக்கு எதிர்ப்பக்கம் காட்டும்போதுதான் சிக்கல் வரும். கை அந்தக் கூட்டத்தின் பக்கம் இழுபடும். விரைவாகவும் செய்யச் சொல்வதால், எவ்வளவு கவனமானவரும் அவ்வப்போது தவறான பொத்தானை அழுத்திவிடுவார். அப்படித் தவறாக அழுத்திய கணத்திலிருந்து 100 மில்லி நொடிக்குள், அதாவது ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள், நெற்றிக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட பகுதியில் எதிர்மின் அலை ஒன்று கூர்மையாக எழும். சரியாக அழுத்தினால் அது அவ்வளவு கூர்மையாக எழாது. இதை நான் இங்கே பிழை அலை என்று அழைக்கிறேன். மூளையின் நடுக்கோட்டில், முன்பக்கமாக அமைந்திருக்கும் ஆன்டீரியர் சிங்குலேட் கார்டெக்ஸ் என்ற பகுதியே அதன் முதன்மையான ஊற்று என்று கருதப்படுகிறது.

பிழை அலைக்குப் பிறகு இன்னும் இரண்டு நிகழ்வுகள் தொடரும். 200 முதல் 400 மில்லி நொடிக்குள் நேர்மின் அலை ஒன்று வரும். 'நான் தவறு செய்துவிட்டேன்' என்று அந்த நபர் உணர்வுபூர்வமாக அறிவதோடு அது தொடர்புடையது. பிறகு, அடுத்த கேள்விக்கு அவர் பதில் சொல்லும்போது சற்று நிதானிப்பார். இந்த நிதானத்தை 1966இலேயே உளவியலாளர் பேட்ரிக் ராபிட் அளந்து காட்டினார். மணியடிப்பது ஒன்று, மணி எதற்காக அடிக்கிறது என்று அறிவது இன்னொன்று, அறிந்து நடையை மாற்றிக்கொள்வது மூன்றாவது. சாதாரண நாளில் இந்த மூன்றும் ஒரே மூச்சில் நடந்துவிடுவதால், இவை மூன்று வேறு வேலைகள் என்பதே நமக்குத் தெரிவதில்லை. அறிவாற்றல் கட்டுப்பாடு என்று உளவியலில் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தச் சங்கிலியைத்தான் நம்பியிருக்கிறது: செய்துகொண்டிருப்பதைக் கண்காணிப்பது, தவறான செயலைப் பாதியில் தடுப்பது, அடுத்த செயலைத் திருத்துவது.

மது இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியை அறுக்கிறது? 2002இல் ஆம்ஸ்டர்டாமில் ரிச்சர்டு ரிட்டரிங்காஃப் தலைமையிலான குழு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, முதல் கண்ணியிலேயே கை வைத்தது. 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 40 மில்லிகிராம், 100 மில்லிகிராம் என இரண்டு அளவுகளில் மது கொடுத்து அவர்கள் சோதித்தார்கள். மிதமான அளவிலேயே பிழை அலை தெளிவாகச் சுருங்கியது. தவறுக்குப் பிறகு நிதானித்துத் திருத்திக்கொள்வதும் நடக்கவில்லை. 40 மில்லிகிராம் என்பது பெரும்பாலானோர் 'ஒன்றும் ஆகவில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று சொல்லும் அளவு. அப்படிச் சொல்பவர் பொய் சொல்வதில்லை. தன் நிலையை அவர் சோதித்துப் பார்க்கும் கருவியே அந்த நேரத்தில் மங்கியிருக்கிறது. அந்தக் கருவி என்ன காட்டுகிறதோ அதைத்தான் அவர் சொல்கிறார்.

இதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 2012இல் வெளியான மிசௌரி பல்கலைக்கழக ஆய்வு இந்தச் சித்திரத்தை மேலும் நுணுக்கமாக்கியது; இந்தத் துறையில் நான் பெரிதும் மதிக்கும் ஆய்வு அதுதான். புரூஸ் பார்த்தலோவும் உடனாய்வாளர்களும் 21 முதல் 35 வயதுக்குட்பட்ட 67 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மது, இன்னொரு பிரிவுக்கு மது என்று நம்ப வைத்த வேறொரு பானம், மூன்றாம் பிரிவுக்கு மது கலக்காதது என்று சொல்லியே கொடுத்த பானம். தவறு நேரும்படி வேண்டுமென்றே கடினமாக அமைத்த கணினிச் சோதனையின்போது மூளை மின்னலைகளையும், மனநிலை மாற்றங்களையும், தாங்கள் செய்தது சரியா தவறா என்பது பற்றிய அவர்களுடைய சொந்தக் கணிப்பையும் பதிவுசெய்தார்கள். மது அருந்தியவர்களின் பிழை அலை இங்கும் சுருங்கித்தான் இருந்தது. ஆனால் எங்கே தவறு செய்தோம் என்று அடையாளம் காட்டுவதில் அவர்கள் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை. தவறு செய்தது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது உறைக்கத்தான் இல்லை. உறைக்காததால், அடுத்த கேள்வியில் அவர்கள் நிதானிக்கவும் இல்லை. கவலை, பதற்றம் போன்ற எதிர்மறை உணர்வுகளை மது மழுங்கடிப்பதோடு இந்தச் சுருக்கம் தொடர்புடையதாக இருந்தது.

தமிழில் இந்த வேறுபாட்டுக்குச் சொல் தேட வேண்டியதில்லை. 'தெரியும், ஆனால் உறைக்கவில்லை' என்று அன்றாடம் சொல்கிறோம். காரம் நாக்கில் உறைப்பதைப் போல, தவறும் மனத்தில் உறைக்க வேண்டும்; அந்த உறைப்புதான் கையைப் பின்னுக்கு இழுக்கிறது. மனம் லேசாக வேண்டும் என்பதற்காகத்தான் பெரும்பாலோர் குடிக்கிறார்கள். கவலையைக் குறைக்கும் அதே வேலை, தவறுக்கான கவலையையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது. நமக்கு வேண்டாத கவலை எது, நம்மைக் காக்கும் கவலை எது என்று மதுவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வு, தவறைக் கண்டறியும் திறனே குறைகிறது என்று சொன்னது. மிசௌரி ஆய்வு, கண்டறிந்ததன் கனம் குறைகிறது என்று சொன்னது. மிதமான அளவுகளில் இரண்டாவது விளக்கமே மனித நடத்தையோடு நன்றாகப் பொருந்துகிறது என்பது என் முடிவு.

மறுபடியும் ஆங்கரேஜுக்கு

ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் 298 மில்லிகிராம் வரை மது கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. எனவே அந்த விமானியின் மூளையில் இன்னதுதான் நடந்தது என்று எந்த ஆய்வையும் காட்டிச் சொல்ல முடியாது. ஆயினும் 40 மில்லிகிராமிலேயே மங்கத் தொடங்கும் ஓர் எச்சரிக்கை மணி, அதைப்போல் ஏழு மடங்குக்கும் மேற்பட்ட அளவில் முழுதாக ஒலித்திருக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. அந்த அளவில் அறிதல், உறைத்தல் இரண்டுமே சிதைந்திருக்கும் என்று கொள்வதே நியாயம்.

மதுவுக்குப் பழகிய உடல் என்று மேலே சொன்னது இங்கே முக்கியமாகிறது. ஒரே அளவு ஆல்கஹால் இரத்தத்தில் இருக்கும்போது, அளவு ஏறுமுகத்தில் இருக்கையில் உணரும் போதையைவிட, இறங்குமுகத்தில் உணரும் போதை குறைவு. 1919இல் எட்வர்டு மெலன்பி நாய்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து இது அறியப்பட்டிருக்கிறது. உறங்கி எழுந்தவர், தான் தெளிந்துவிட்டதாக நம்புவது இதனால்தான். பழக்கம் சேரச் சேர நடையும் பேச்சும் வேகமும் ஓரளவு தேறிவிடுகின்றன. தவறைத் தவிர்ப்பதும் தடுப்பதும் அதே அளவுக்குத் தேறுவதில்லை. குடித்தவர் தன்னைச் சோதித்துக்கொள்ள எடுத்துக்கொள்வதோ அந்தத் தேறிய பகுதிகளைத்தான்: 'நேராக நடக்கிறேன், தெளிவாகப் பேசுகிறேன், எனக்கென்ன?' பழகிய குடிகாரருக்குப் பழக்கம் தரும் இந்தப் பொய்ச் சான்றிதழ், புதிதாகக் குடிப்பவரின் தள்ளாட்டத்தைவிட ஆபத்தானது என்று நான் கருதுகிறேன். தள்ளாடுபவரை மற்றவர்கள் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஈரல் ஆல்கஹாலை வெளியேற்றும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் அளவு குறையும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அந்தக் கணக்கில் 298 மில்லிகிராம் முழுதாக இறங்குவதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் வேண்டும். காபியும் குளிர்ந்த நீரும் விழிப்பைத் தரலாம். இந்த வேகத்தை அவை கூட்டுவதில்லை. 12 மணி நேர விதியைப் போட்டவர்கள் நேரத்தை மட்டும்தான் எண்ணினார்கள். அதற்கு முன் எவ்வளவு குடித்தார் என்பதை அந்த விதி கேட்கவில்லை.

ஓடுபாதைக் குழப்பத்துக்கும் இந்த வெளிச்சத்தில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. 1990இல் கிளாட் ஸ்டீலும் ராபர்ட் ஜோசஃப்ஸும் முன்வைத்த கருத்துப்படி, மது கவனத்தின் வட்டத்தைச் சுருக்குகிறது. கண்ணுக்கு முன்னால் பெரிதாகத் தெரிவது மட்டும் மனத்தில் நிற்கும், தொலைவில் உள்ள விளைவும் மெல்லிய சந்தேகமும் வட்டத்துக்கு வெளியே போய்விடும். புறப்பட வேண்டும் என்பது கண்முன் நிற்கும் பெரிய வேலை. இடம் தவறியது, சரிசெய்ததும் முடிந்துபோன சிறிய விஷயம். தவறு திருத்தப்பட்டது, ஆனால் அந்தத் தவறு தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்ற கேள்வி எழவே இல்லை.

மற்றவர்கள்

உள்ளே மணி ஒலிக்காதபோது வெளியிலிருந்துதான் யாராவது அடிக்க வேண்டும். அந்த இடத்தில் இருந்தவர்கள் துணை விமானியும் விமானப் பொறியாளரும். ஒருவருக்கு வயது 31, மற்றவருக்கு 35. அவர்கள் டாக்சியில் உடன் வந்தவர்கள், அலுவலகத்தில் உடன் நின்றவர்கள், விமானி அறையில் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் தலைமை விமானியைத் தடுக்க முயன்றதற்கான தடயம் ஒலிப்பதிவில் இல்லை. இதை எழுதும்போது அவர்கள்மேல் கோபத்தைவிட வருத்தமே மேலிடுகிறது. தன்னைவிட இருபது வயது மூத்த, 23,000 மணி நேரம் பறந்த ஒருவரிடம் 'ஐயா, நீங்கள் இன்று ஓட்ட வேண்டாம்' என்று சொல்வதற்கான சொற்களை அந்தக் காலத்துப் பயிற்சி எதுவும் யாருக்கும் கொடுக்கவில்லை. விமானப் பொறியாளர் கடைசி நொடிகளில் எச்சரித்தார். ஆனால் அது மூக்கின் கோணத்தைப் பற்றிய எச்சரிக்கையாக இருந்தது, மனிதரைப் பற்றியதாக இல்லை.

அதே ஆண்டு மார்ச் 27 அன்று டெனரீஃபில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அங்கே மது இல்லை. ஆனால் ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்குமோ என்ற விமானப் பொறியாளரின் சந்தேகத்தை மூத்த விமானி ஒதுக்கித் தள்ளியது அங்கும் நடந்தது. இளையவர் பேசவும் மூத்தவர் கேட்கவும் விமானி அறையில் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம், இத்தகைய விபத்துகளின் தொடர்ச்சியாகத்தான் 1979க்குப் பிறகு முறையான பாடமாக உருவெடுத்தது. டெனரீஃபின் பெருந்துயரத்துக்கு முன்னால் ஐந்து பேர் இறந்த சரக்கு விமானம் மறக்கப்பட்டது இயல்புதான். ஆனாலும் தவறை உணராத ஒருவரைச் சுற்றியிருப்பவர்கள் என்ன செய்வது என்ற பாடத்துக்கு ஆங்கரேஜ்தான் கூர்மையான எடுத்துக்காட்டு.

இதற்கு எதிர்வாதமாகக் காட்டப்படக்கூடிய நிகழ்வு ஒன்றும் உண்டு. 1990 மார்ச் 8 அன்று, வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவிலிருந்து மினியாபொலிஸுக்கு நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸின் போயிங் 727 விமானத்தை ஓட்டிச் சென்ற மூவரும் முந்தைய இரவு மதுக்கூடத்தில் குடித்திருந்தார்கள். விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது; இறங்கியவுடன் மூவரும் கைது செய்யப்பட்டுத் தண்டிக்கப்பட்டார்கள். தலைமை விமானியின் உடல் மதுவுக்குப் பழகியது, எனவே அவர் ஓட்டத் தகுதியோடுதான் இருந்தார் என்ற வாதம் அந்த வழக்கில் முன்வைக்கப்பட்டது. அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஏனெனில் விமானம் உண்மையிலேயே பத்திரமாக இறங்கியது. ஆனால் ஆயிரக்கணக்கான முறை செய்து பழகிய வேலையை, எதிர்பாராதது எதுவும் நிகழாத ஒரு குறுகிய பயணத்தில் செய்வதற்குப் பிழை அலை அதிகம் தேவைப்படாது; கைப்பழக்கமே போதும். எதிர்பாராத ஒன்று நிகழும் நாளில்தான் கண்காணிக்கும் மூளை வேலைக்கு வர வேண்டும். ஆங்கரேஜில் அப்படி நிகழ்ந்தது மூடுபனியும் இறக்கைப் பனியும். ஃபார்கோவில் அன்று அப்படி எதுவும் நிகழவில்லை. இரண்டு பயணங்களுக்கும் இடையிலான வேறுபாடு விமானிகளின் தகுதியில் இல்லை, அந்த நாட்களில் இருந்தது.

விதிகள் மெல்லத்தான் மாறின. குடித்த பிறகு எட்டு மணி நேரம் கழியாமல் பறக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவந்த அமெரிக்க விமானப் போக்குவரத்து விதியோடு, 1980களின் நடுவில் 40 மில்லிகிராம் என்ற இரத்த அளவு எல்லையும் சேர்ந்தது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் பின்னர் பிழை அலையைச் சோதித்த குறைந்த அளவும் அதே எண்தான். ஃபார்கோ நிகழ்வுக்குப் பின், போக்குவரத்துப் பணியாளர்களுக்கு மதுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் 1991இல் வந்தது. முன்கூட்டியே அறிவிக்காமல் ஊதச் சொல்லும் அந்தப் பரிசோதனையைச் சில விமானிகள் அவமானமாக நினைத்தார்கள். பிழை அலை பற்றித் தெரிந்த பிறகு எனக்கு அது அவமானமாகத் தோன்றவில்லை. உங்களுக்கே தெரியாத ஒன்றை உங்களிடம் கேட்டு அறிய முடியாது. அதனால்தான் கருவியிடம் கேட்கிறார்கள்.

ஆங்கரேஜில் கருவி இல்லை. டாக்சி ஓட்டுநர் இருந்தார். அவர் சொன்னதைக் கேட்ட டாக்சி நிறுவனத்தின் ஊழியர், குடித்திருந்த விமானி ஒருவரைத் தங்கள் ஓட்டுநர் விமான நிலையத்தில் இறக்கிவிட்டதாக, அந்த விமானத்தின் பராமரிப்பை ஒப்பந்தத்தில் செய்துவந்த நிறுவனத்தின் அலுவலரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். விமானிக்கு ஏதேனும் ஆகியிருந்தால் ஜப்பான் ஏர்லைன்ஸ்காரர்களே கண்டுபிடித்திருப்பார்கள், நாம் எதையும் தொடங்குவது முறையல்ல என்று தனக்குத் தோன்றியதாக அந்த அலுவலர் விசாரணையில் விளக்கினார். அவருக்கு அந்த அழைப்பு வந்தபோது மணி ஏறத்தாழ 6.20. விமானம் அப்போதும் தரையில்தான் இருந்தது.